பதின்மூன்று நட்டு

கரிப்பட்டமுறிப்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
போனுக்கும் தெரியாத ஓரிடத்தில்
பின்பக்க இடது டயர் உட்கார்ந்துவிட்டது.

நீர்கொழும்பில் வாடகைக்கு எடுத்த வெள்ளை வேகன்ஆர்.
சாவி தந்தவர் எல்லாம் சொன்னார்.
மாடு குறுக்கே வரும், யானையும் வரும்,
யானைக்கு ஹார்ன் அடிக்காதீர்கள்.
ஜாக்கி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

மதியம் ஒன்றரை.
பாலை மரத்தின் நிழல் சாலைவரை வராமல்
தன் காலடியிலேயே நின்றுகொண்டது.
திண்டுக்கல்லில் பஞ்சர் கடைக்குப் போன் போட்டே பழகிய பரிதி
நான் பார்க்கிறேன் என்பதற்காக
எல்லாம் தெரிந்தவன்போல் ஸ்பானரை மிதித்தான்.
ஒவ்வொரு நட்டும் ஒரு கெட்ட வார்த்தைக்குத்தான் அசைந்தது.
நான்கையும் வீல்கப்பில் போட்டுக் கொடுத்தான்:
பத்திரம்.

பத்திரமாகத்தான் வைத்தேன், தாரின் விளிம்பில்.
தண்ணீர் பாட்டிலுக்குத் திரும்பிய என் செருப்பு
சரியாக அதில் பட்டது.
மூன்று நட்டு சரிவில் உருண்டு புதருக்குள் போயின.
ஒரு காலை இறக்கினேன்.

'இறங்காதேங்கோ!'

ஸ்கூட்டியை நிறுத்துவதற்கு முன்பே குரல் வந்துவிட்டது.
கைப்பிடியில் சாப்பாட்டுப் பெட்டி,
இரண்டு முழங்காலும் வெளுத்த நீலக் காற்சட்டை.
பெயர் தவமலர். மிதிவெடி எடுக்கும் வேலை.
விடிய ஆறுக்குத் தொடங்கினால்
வெயில் ஏறமுன் முடிஞ்சிருமாம்.

'இது எடுத்து முடிஞ்ச இடம்தான்' என்றார்.
'பதினொராம் ஆண்டு இந்தப் பாலைக்குக் கீழ
நானே இருந்தனான்.'
'அப்ப இறங்கலாமா?'
'இறங்கலாம்.'
அவர் இறங்கவில்லை.
நானும் காலை எடுத்துக்கொண்டேன்.

வேறென்ன பேச என்று தெரியாமல்
'ஸ்டெப்னி இருக்கு' என்றேன்.
'ஆர்?'
காருக்குள் எட்டிப் பார்த்தார், இன்னொரு ஆளைத் தேடி.
டிக்கியைத் திறந்து காட்டியதும்
'ஓ, ஸ்பெயார் சில்லு' என்றார், சிரிப்பை முடிக்காமல்.
ஒரே மொழி ஒரே மொழி என்று
மூன்று நாளாய்ப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வந்தேன்.
உண்மைதான்,
சக்கரம் வரைக்கும்.

பரிதிக்கு நட்டுக் கவலை. தேடினால் என்ன?
'தேடலாம். முறைப்படி எண்டா
ஒரு ஆள் ஒரு நாளைக்கு
நாலைஞ்சு பாய் விரிக்கிற இடம்தான் பார்க்கலாம்.
உங்களுக்குப் பிளேன் எப்ப?'
'வியாழன்.'
'காணாது.'

பிறகு அவரே சொன்னார்:
மற்றச் சில்லு ரெண்டில ஒண்டொண்டு கழட்டுங்கோ.
கழற்றினோம்.
ஒரு சக்கரத்தில் நான்கு, மூன்றில் மும்மூன்று.
கடைசி முறுக்கு என்னுடையது என்று ஸ்பானரை வாங்கினார்.
மண்டியிடும் முன்
கையால் தரையை ஒருமுறை மெல்லத் தடவினார்.
தார்ச்சாலை அது.

'மாங்குளம் மட்டும் மெதுவாப் போங்கோ.'
மாங்குளத்தில் மட்டுமா என்று பரிதி கேட்டான்.
மாங்குளம் வரைக்கும், என்று
எங்கள் தமிழில் எங்களுக்குச் சொன்னார்.

பர்ஸை எடுத்த பரிதியைப் பார்க்காமல்
தண்ணீர் கேட்டு வாங்கிப் பாதி குடித்தார்.
கிடக்கட்டும் விடுங்க அந்த நட்டு, என்றேன்.
'அப்பிடி விடேலாது.
கருவி இரும்பு எண்டாக் கத்தும்.
ஆணிக்குக் கத்தும், சோடா மூடிக்கும் கத்தும்.
கத்தினா இருந்து கிண்டத்தான் வேணும்,
அரை மணித்தியாலம், விரல் விரலா.
நாளைக்கு ஆரும் திரும்பப் பார்க்க வந்தா
பாவமெல்லோ.'
போனில் எழுதிக்கொண்டார்:
நட் மூண்டு, பாலைக்கு வலப்பக்கம், ஈச்சம்பற்றை.

மாங்குளத்து கராஜில் அந்த அளவு நட்டு இல்லை.
ஓட்டுவது முழுக்க
ஒரு காது பின்சக்கரத்திலேயே இருந்தது.
யானை வரவில்லை. மாடு வந்தது, வழி விட்டோம்.

நீர்கொழும்பில் காரைச் சுற்றி வந்தவர்
கீறலைப் பார்த்தார், பெட்ரோல் முள்ளைப் பார்த்தார்.
நட்டை எண்ணவில்லை.
நான்தான் சொன்னேன்.
பில்லில் ஒரு வரி சேர்த்துக்கொண்டே
எங்கே விட்டீர்கள் என்றார்.

எனக்குத் தெரியாது,
சரியாக எழுதி வைத்த ஒருவர் அங்கே இருக்கிறார் என்றேன்.